தண்ணீர் ஊற்றாதீர்

மார்கழி முடியும்போது என் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். செடி செத்துப்போய்விட்டதா? பால் போடுகிறவர் கேட்டார். சிலிண்டர் கொண்டுவந்தவர் அதை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். கரண்ட் கணக்கெடுக்க வந்த பெண், மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டாள். பொங்கலுக்குள் மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரிடமும் சாகவில்லை, கவாத்து செய்திருக்கிறேன், கிளைகளை நானே வெட்டி விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. துக்க வீட்டில் தலையாட்டுவதுபோல் ஆட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். சட்டென்றெல்லாம் வருவதில்லை. காரணங்கள் காலையிலிருந்து வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கவரைப்பேட்டையில், கம்பெனி பஸ்கள் நின்று ஆள் ஏற்றும் சாலையை ஒட்டி இருக்கிறது. தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போல்ட்டையும் நட்டையும் எண்ணிய பழக்கம் போகவில்லை. இப்போது செடிகளை எண்ணுகிறேன். முன்வாசலில் ஆறு குண்டுமல்லி. சாலையோரத் தாழ்ந்த சுவரை ஒட்டி இரண்டு, உள்ளே தள்ளி நான்கு. அவை தவிர ஒரு செம்பருத்தி. அதன் இலையைத் துடைத்தால் துணி கறுக்கும். இரும்பு உருக்குகிற இடங்களிலிருந்து காற்றில் வரும் தூசி அது.

குண்டுமல்லி பங்குனியில் கொட்ட வேண்டுமென்றால் மார்கழியில் அதைப் பட்டினி போட வேண்டும். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். இலை வாடத் தொடங்கியதும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்சம் மீதி இலைகளையும் உருவிவிட்டு, வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி வெயில் பட விட வேண்டும். தை முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மாசி பிறந்ததும் எருவும் கடலைப் பிண்ணாக்கும் போட்டு நிறையத் தண்ணீர் விட்டால், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைச் செடி மொட்டாகத் தள்ளும். நடுவில் யாராவது இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வெறும் இலையாகத் தள்ளிவிடும். வசந்தம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது பங்குனியில் வந்த சுவடு தெரிவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. வந்தது என்பதற்கு மல்லிகை ஒன்றுதான் சாட்சி.

அதுவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் எனக்குச் சில சந்தோஷங்கள் உண்டு, அவற்றை யாரும் கெடுக்காதவரை. கவாத்துக் கத்தரியைத் திருகாணி கழற்றிப் பிரித்து, துருவைத் தேய்த்து, சாணைக்கல்லில் தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுவேன். காய்ந்த சாணத்தைக் கையாலேயே உதிர்ப்பேன். கல், பாலிதீன் துண்டு, குண்டூசி எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே வைப்பேன். பக்கத்து வீட்டு முருங்கை தையில் பூத்து எங்கள் பக்கம் உதிரும். அதை ஒரு முறத்தில் அள்ளி அடுக்களையில் கொடுத்தால் மதியம் பொரியலாக வரும். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை முதுகில் வெயில் படும்படி போட்டுக்கொண்டு மொட்டைக் கொம்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு செடியில் ஒரு கொம்பை மட்டும் கட்டை விரல் நகத்தால் லேசாகக் கீறுவேன். சாம்பல் நிறப் பட்டைக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்தால் அந்தத் தேநீரின் ருசியே வேறு.

இந்த வருஷம் அந்தத் தேநீரும் கசந்தது. காரணம் என் மகனின் கார்.

அவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். கார் வாங்கினான். நிறுத்த இடமில்லாமல் சாலையில் நிறுத்தினான். லாரிகள் உரசிப் பக்கக் கண்ணாடி இரண்டும் போயின. கார்த்திகையில் ஒரு நாள் வாசலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நைனா, இங்க பேவர் பிளாக் போட்டா வண்டிய உள்ள வுட்டுர்லாம்."

"செடி?"

"இன்னா செடி? போன வருஷம் எத்தினி பூ பூத்துச்சு, நீயே சொல்லு. நீதான் எண்றவனாச்சே."

எண்ணித்தான் வைத்திருந்தேன், சொல்லும்படியான எண் இல்லை. முந்தின மார்கழியில் எனக்குக் கண் ஆபரேஷன். குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கவாத்து செய்யாத செடி கோபித்துக்கொண்ட மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்தது.

"இந்தப் பங்குனி வரிக்கும் பொறு. கொட்டும் பாரு," என்றேன்.

"கொட்டலன்னா?"

"உன் இஷ்டம். புடுங்கிப் போட்டுக்கோ."

சொல்லியிருக்கக் கூடாது. வாய் சொல்லிவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது சுவரோரத்து இரண்டு செடிகளின் அடியிலும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. மழை இல்லை. பனிக்கு மண் அப்படி நனையாது. நேராக அடுக்களைக்குப் போனேன்.

"அரிசி களுவுன தண்ணிய செடில ஊத்துனியா?"

"நான் ஏன் ஊத்தப்போறேன்? உன் செடிகிட்ட போனாலே உன் மூஞ்சி மாறுது," என்றாள் என் மனைவி.

"பின்ன யாரு?"

"நாயா இருக்கும்."

"ஒரு நாய் அவ்ளோ போவுமா?"

"எத்தினி நாய்ன்னு ஒக்காந்து எண்ணு. உனுக்கும் பொழுது போவும்."

மறுநாள் டீக்கடைக்குப் போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். ஒன்பது பேர். பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து வருகிற உயரமான ஒருத்திதான் அவர்களில் அதிகம் பேசுகிறவள். அவர்கள் கம்பெனி கேட்டில் வெளித் தண்ணீரை உள்ளே விடமாட்டார்கள். காலி பாட்டிலைத்தான் கொண்டுபோகலாம். ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்து வழியில் குடித்தது போக மிச்சத்தைப் பஸ் வருவதற்கு முன் கொட்டிவிட வேண்டும். அதை எங்கே கொட்டினார்கள் என்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

"பாவம்டி, காஞ்சி கருவாடா கெடக்குது," என்று சொல்லிக்கொண்டே உயரமானவள் சுவருக்கு மேல் கையை நீட்டிக் கவிழ்த்தாள். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். ஒன்பது பாட்டில்.

நான் வெளியே ஓடினேன். "ஏய், ஏய்! யார கேட்டு ஊத்தறீங்க?"

"ஏன் தாத்தா கத்தற? சாவக் கெடக்கற செடிக்குத் தண்ணிதானே ஊத்தனோம், வெஷத்தையா ஊத்தனோம்?"

"அது சாவலம்மா. நான்தான் வெட்டி வுட்டிருக்கேன்."

"நீயேவா?" அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "செடிக்கும் மொட்ட போட்டுட்டியா? இன்னா தாத்தா, திருப்பதி வேண்டுதலா?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்திக்கு இருமலே வந்துவிட்டது.

"இப்போ தண்ணி ஊத்துனா பூக்காது," என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தண்ணி ஊத்துனா பூக்காதாம்டி! தாத்தாவுக்கு இன்னிக்கு ஊட்ல நாஷ்டா குடுக்கலபோல."

பஸ் வந்தது. சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

அன்றைக்கே ஒரு எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, சிவப்புப் பெயின்ட்டில் 'தண்ணீர் ஊற்றாதீர்' என்று எழுதிச் சுவரில் கம்பி போட்டுக் கட்டினேன். மறுநாள் பஸ் டிரைவர் இறங்கி வந்து படித்தார். "எங்க பாத்தாலும் தண்ணி இல்லன்னு போர்டு வெப்பாங்க. ஊத்தாதேன்னு வெச்ச மொத ஆளு நீதான் பெரியவரே," என்றார். நான் கம்பியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். டிரைவருக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

நான் வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் யாரும் ஊற்றவில்லை. ஒரு வேலையாகத் திருவள்ளூர் போக நேர்ந்த நாளில் ஊற்றினார்கள். குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊற்றினார்கள். ஒரு தடவை உயரமானவளைக் கையும் பாட்டிலுமாகப் பிடித்தேன்.

"படிக்கத் தெரியாதா உனுக்கு?"

"தெரியும் தாத்தா. எங்க குப்பத்துல தண்ணி பூரா உப்பு. நல்ல தண்ணிய கொடத்துக்கு டப்பு குடுத்து வாங்கறோம். ஆசையா ஒரு செடி வெச்சா பத்து நாள்ல கருகிப்பூடும். கைல நல்ல தண்ணிய வெச்சிக்கினு, கண்ணு முன்னாடி ஒண்ணு காயறத பாத்துக்கினு, ரோட்ல கொட்டச் சொல்றியா?"

பதில் தெரியாதபோது என் கோபம் இன்னும் ஏறும். போர்டைக் கையால் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நான் பயந்தபடியே ஆயிற்று. தை பாதியில் சுவரோரத்து இரண்டும் துளிர்த்தன. கணுவுக்குக் கணு பச்சைப் பசேலென்று கொழுத்த இலைகள். பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்கு ஒவ்வொரு இலையும் வராமல் போன ஒரு மொட்டு. ஆறில் இரண்டு போய்விட்டது. நான்கு மிச்சம். அவள் கை எட்டாத தூரத்தில் இருந்ததால் மட்டுமே மிச்சம்.

தை கடைசி வாரத்தில், காலையில், கம்பெனி பஸ் வரும் நேரத்தில், ஒரு டெம்போ வாசலில் வந்து நின்றது. உள்ளே தரையில் பதிக்கிற பேவர் பிளாக் கல். ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் கடப்பாரையோடு இறங்கினார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்த என் மகன் பனியனோடு வெளியே வந்தான். எங்கோ ஒரு கம்பெனி முற்றத்தில் போட்டது போக மீந்த கல்லாம், இன்றைக்கு விட்டால் கிடைக்காதாம்.

"பங்குனி வரிக்கும்னு பேசனோமே," என்றேன்.

"உசிரோட இருந்தா பங்குனி, சித்திர எல்லாம் பாக்கலாம் நைனா. இதுங்க செத்துப்போச்சு. ஆறு கட்ட நட்டு வெச்சிக்கினு அதும் எதுர்ல சேர் போட்டு ஒக்காந்துக்கினு கீற. தெருவுல கேக்கறாங்க, உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சின்னு."

"சாவல. கொம்பக் கீறிப் பாரு, பச்சையா இருக்கும்."

"குச்சியக் கீறி எனுக்கு இன்னா தெரியும்? மேஸ்திரி, நீங்க ஆரம்பிங்க."

ஆட்களில் ஒருவன் உள்ளே இருந்த நான்கில் முதல் செடியின் அடியில் கடப்பாரையை ஊன்றினான். நான் அதன் குறுக்கே போய் நின்றேன். என் மனைவி படியில் நின்று, "கொஞ்சம் சும்மா இரேன், பேஜாரு புடிச்சவனே," என்றாள். யாரைச் சொன்னாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெளிவாகவில்லை.

அப்போது சுவருக்கு வெளியிலிருந்து உயரமானவளின் குரல் வந்தது.

"அண்ணா, இன்னா பண்றீங்க? பச்சக் கொழந்தையாட்டம் துளுத்திருக்கு, இதப் போயா புடுங்கறீங்க?"

என் மகன் திரும்பினான். அவன் ஷிப்டுக்குப் போவதும் வருவதும் இருட்டில். சுவரோரத்தை அவன் பார்த்தே பல நாள் ஆகியிருக்கும். இப்போதுதான் பார்த்தான்.

"இது ரெண்டு மட்டும் சரிம்மா. மத்தது நாலும் கட்ட."

"இது ரெண்டும் கட்டையாத்தான் கெடந்துச்சு. நாங்கதான் தெனம் தண்ணி ஊத்தி எழுப்பனோம். தாத்தா கைல வுட்டிருந்தா இதுவும் செத்துப் பூட்டிருக்கும். உள்ள இருக்கறதுக்கு எங்க கை எட்டல, அதான். எட்டியிருந்தா அதுவும் இன்னேரம் துளுத்திருக்கும். செத்தது எங்கனா துளுக்குமாண்ணா?"

மற்ற எட்டுப் பேரும் ஆமாம் போட்டார்கள். என் மகன் சுவரோரம் போய் ஒரு துளிரைக் கிள்ளி, விரலில் நசுக்கி, முகர்ந்து பார்த்தான். மேஸ்திரியைப் பார்த்துக் கையைக் காட்டினான். கடப்பாரை மேலே வந்தது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் போல் எப்போதும் வந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மல்லிகை வளர்க்கிற நான் உயிர் இருக்கிறது என்று சொன்னால் நம்பிக்கை இல்லை. வரவே கூடாத இலை, அந்தச் செடியின் ஒரு வருஷப் பூவைத் தின்றுவிட்டு வந்த இலை, அது சொன்னால் நம்பிக்கை. என் நான்கு செடிகளைக் காப்பாற்றியது அந்த இலைதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கோபம்.

டெம்போக்காரன் கல்லைத் திருப்பி எடுத்துப்போக முடியாது என்றான். சுவருக்கு வெளியே அடுக்கிவிட்டுப் போனான். முந்நூற்றுப் பன்னிரண்டு கல். மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் பஸ் வரும்வரை அதன் மேல் உட்கார்ந்தார்கள்.

"பங்குனி வரிக்கும்தான் நைனா," என்று என் மகன் நினைவுபடுத்தினான்.

அவர்கள் கல்லில் உட்கார்ந்த முதல் நாளே ஒன்பது பேரையும் நிறுத்திவைத்து, மார்கழிப் பட்டினியிலிருந்து பங்குனிப் பூ வரை சத்தம்போட்டு விளக்கினேன். எப்படியோ மண்டையில் ஏறியது. அல்லது என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கலாம். அதன் பிறகு பாட்டிலைச் சாலையில்தான் கவிழ்த்தார்கள்.

மாசி பிறந்தது. எரு போட்டேன், பிண்ணாக்கு போட்டேன், மோட்டார் போட்டுப் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டேன். நான்கு செடிகளும் வெடித்துக்கொண்டு கிளம்பின. பங்குனி முதல் வாரத்தில் ஒவ்வொரு நுனியிலும் கடுகு அளவில் மொட்டு. பிறகு அரிசி அளவு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணினேன். ஒரு செடியில் நூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கணக்கு தப்பியதற்காக நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்த வாரமே மோட்டார் காயில் எரிந்தது.

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். "கம்பெனி வேல சார், அடுத்த வாரம் வந்துர்றேன்," என்றான். பஞ்சாயத்துக் குழாயில் வருவது குடிக்க மட்டும் காணும். அதில் ஒரு குடத்தைத் தூக்கப் போனபோது என் மனைவி மறித்தாள். "அதுல கை வெச்சே, நான் என் பொண்ணு ஊட்டுக்குப் போயிருவேன். செடியக் கட்டிக்கினு நீயே சமச்சித் துன்னு." மூன்றாம் நாள் மொட்டுகள் காம்பில் மஞ்சளாயின. நான்காம் நாள் காலையில் அடியில் உதிர்ந்து கிடந்தவற்றைக் கையில் பொறுக்கினேன். இருபத்தேழு. பத்து நாளில் பங்குனி உத்திரம். உத்திரத்துக்குள் அத்தனையும் உதிர்ந்துவிட்டால் வெளியில் இருக்கும் கல் உள்ளே வரும்.

அந்த இருபத்தேழைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது பாட்டில்கள் தார் ரோட்டில் கவிழ்ந்துகொண்டிருக்கின்றன. நல்ல தண்ணீர். ரோடு அதைக் குடித்துவிட்டு ஆவி விடுகிறது.

"ஏம்மா!" என்று கத்தினேன். "அறிவு இருக்கா? தண்ணிய ரோட்ல ஊத்தறீங்க?"

உயரமானவள் கல்லை விட்டு எழுந்தாள். போர்டைக் காட்டினாள்.

"அது தை மாசத்துக்கு!"

"தேதி போடலயே தாத்தா."

போர்டின் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தேன், அவிழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். தகரம் வளைந்து, கட்டை விரலைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது. அதை வீசி எறிந்துவிட்டுக் கேட்டைத் திறந்தேன். "உள்ள வாங்க. அதுல வேணாம், அது தெண்டம். இந்த நாலுக்கு. ஏய், அடில ஊத்து, தலைல ஊத்தாத! மூணாவது செடிக்கு யாரும் ஊத்தல பாரு!"

"ஊத்துனாலும் திட்டற, ஊத்தலன்னாலும் திட்டற. உன்ன வெச்சிக்கினு பாட்டி எப்டித்தான் காலம் தள்ளுதோ," என்றபடி ஊற்றினாள். மறுநாள் அவள் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். நல்ல தண்ணீர், அவள் குப்பத்தில் குடக் கணக்கில் வாங்குகிற தண்ணீர். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு நான்கு செடிகளும் கொட்டின. மாலையில் பறித்தால் மறுபடி காலையில் வெள்ளையாக நின்றன. ஷிப்டு முடிந்து வந்த என் மகன் இருட்டும் நேரத்தில் வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சி, திரும்பிப் போய்க் காரில் புதிதாக மாட்டிய பக்கக் கண்ணாடிகளை மடக்கி வைத்தான். "ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டு வாடகைக்கு கீதாம் நைனா, பாக்கறேன்," என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் என் மனைவி பெரிய பந்தாகப் பூவைக் கட்டி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். ஒன்பது பேருக்கும் முழம் போட்டுக் கொடுத்தாள். உயரமானவள் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா தாத்தா? ஊத்தாதே ஊத்தாதேன்னியே. நாங்க ஊத்தப் போய்த்தான் பூத்துச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் சுவரோரம் குனிந்து அந்த இரண்டு செடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு இலை, தேடினாலும் ஒரு மொட்டு இல்லை.

"எங்க செடி ரெண்டும் மட்டும் ஏன் பூக்கல?"

"நீங்க தைல தண்ணி ஊத்துனதால," என்றேன்.

"போ தாத்தா. அதுக்குத் தண்ணி பத்தல," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பாட்டிலைத் திறந்து அதன் அடியில் முழுவதுமாகக் கவிழ்த்தாள்.

அந்த இரண்டாவது பாட்டிலை நான் மூன்றாவது செடிக்கு என்று கணக்கு வைத்திருந்தேன். திட்டினால் நாளைக்கு அவள் பாட்டில் வராது. மெக்கானிக் மறுபடியும் அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருந்தான்.